இன்று மட்டும்தான், சார்

பெண் பார்க்கப் போக நாள் பார்க்கிறோம். போர் போட நாள் பார்க்கிறோம். புது ஸ்கூட்டரை வெளியே எடுக்கக்கூட, இராகுகாலம் கழியட்டும் என்று ஷோரூம் வாசலில் எலுமிச்சம்பழத்தோடு காத்து நிற்கிற சமூகம் இது. ஆனால் 25 ஆண்டுகளுக்கான விடுமுறையை நான்கைந்து லட்சம் கொடுத்து ஒரே மூச்சில் வாங்குவதற்கு மட்டும் பஞ்சாங்கம் தேவையில்லை. அதற்கான முகூர்த்தத்தை டை கட்டிய ஒரு பையன் ஏற்கெனவே குறித்துவைத்திருக்கிறான். இன்றைக்கு, மாலை ஆறு மணிக்குள். நாளைக்கு இந்த விலை கிடையாது.

டைம்ஷேர், ஹாலிடே மெம்பர்ஷிப், வெகேஷன் கிளப் என்று பெயர் பலவாக இருந்தாலும் சரக்கு ஒன்றுதான். ஒரு விடுதியிலோ விடுதிக் கூட்டத்திலோ ஆண்டுக்கு ஏழு இரவு தங்கிக்கொள்ளும் உரிமை. பணம் முழுவதும் முன்னாலேயே தந்துவிட வேண்டும், தங்குவதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். 1960களில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் பிறந்த இந்த யோசனை, 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் வழியாக நம் ஊருக்கு வந்தது. 1996இல் மஹிந்திரா குழுமமும் இறங்கியது. அதற்குப் பிறகு, பெயரை நேற்று வைத்து நாளை மாற்றிக்கொள்கிற கிளப்புகள் எத்தனை முளைத்தன என்று எண்ணி முடியாது. பல கிளப்புகளுக்குச் சொந்தமாக ஒரு கட்டில்கூடக் கிடையாது. வழவழப்பான புத்தகம் ஒன்று இருக்கும், அதில் கடலோரத்தில் குதிக்கும் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று இருக்கும்.

இது நமக்குக் கட்டுப்படியாகுமா என்ற கேள்வியை ஒரு குடும்பம் எங்கே கேட்டுக்கொள்ள வேண்டும்? இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகள் தூங்கியதும், பாஸ்புக்கையும் வீட்டுக் கடன் அட்டவணையையும் எதிரில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். இந்தத் தொழிலின் சாமர்த்தியம் முழுவதும் அந்தக் கேள்வி அந்த இடத்தில், அந்த நேரத்தில் எழாமல் பார்த்துக்கொள்வதில்தான் இருக்கிறது.

ஆரம்பம் ஒரு கூப்பன். மால் வாசலில், பெட்ரோல் பங்கில், தீவுத்திடல் பொருட்காட்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. "சும்மா ஃபில் பண்ணுங்க சார், லக்கி டிரா." பெயர், செல் நம்பர், வயது, கல்யாணம் ஆயிற்றா, சொந்தக் கார் உண்டா, கிரெடிட் கார்டு எந்த வங்கி. குலுக்கல் பரிசுக்குக் கிரெடிட் கார்டு எதற்கு என்று நாமும் கேட்பதில்லை. வீட்டுக் கடனில் இன்னும் எத்தனை தவணை பாக்கி, அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறதா, பெண்ணுக்கு வருகிற ஜூனில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டுமா, கம்பெனியில் ஆள் குறைப்பு என்று பேச்சு அடிபடுகிறதா என்று அவர்களும் கேட்பதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒன்று கட்டுப்படியாகுமா என்று சொல்லக்கூடிய கேள்வி ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. கார்டில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுக்குக் கட்டுப்படியாகும். அவர்கள் பொருளாதாரத்தில் பாடம் இத்தோடு முடிந்தது.

இரண்டு நாளில் போன் வரும். "வாழ்த்துகள் சார்! நீங்க செலக்ட் ஆயிருக்கீங்க." பெட்டியில் சீட்டுப் போட்ட அத்தனை பேரும் செலக்ட் ஆகியிருக்கிறார்கள், அது வேறு விஷயம். டின்னர் செட் நிச்சயம், மூன்று இரவு கோவா இலவசம். ஒரே ஒரு நிபந்தனை: "மேடத்தையும் கூட்டிக்கிட்டு வரணும் சார். தனியா வந்தா கிஃப்ட் கிடையாது."

இந்த நிபந்தனையை யோசித்தவன் தமிழ்க் குடும்பத்தை நன்றாகப் படித்தவன். எல்.ஐ.சி. ஏஜென்ட், சீட்டுக் கம்பெனிக்காரர், மனைப் புரோக்கர் என்று எவர் வந்தாலும் நம் ஊர் ஆணிடம் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு: "வீட்ல கேட்டுச் சொல்றேன்." பெண்ணிடமும் அதே அஸ்திரம் உண்டு: "அவர் வரட்டும்." தலைமுறைகளாக நம் சேமிப்பைக் காத்துவந்தவை இந்த இரண்டு வாக்கியங்கள்தாம். இரண்டையும் வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள்.

உள்ளே என்றால் ஒரு ஓட்டலின் விருந்து மண்டபம். வட்ட மேசைகள். பக்கத்து மேசையில் பேசுவது காதில் விழாதபடி, அதாவது பக்கத்து மேசைக்காரர் மறுப்பது நம் காதில் விழாதபடி, பாட்டு அலறுகிறது. பிள்ளைகளை ஒரு மூலைக்கு அழைத்துப் போய் பலூனும் கிரேயானும் தந்தாயிற்று. "ஒன்றரை மணி நேரம்தான் சார்" என்பார்கள். மூன்று மணி நேரம் ஆகும். டின்னர் செட் கடைசியில்தான் என்பதால் எழுந்து போகவும் மனம் வராது. நானூறு ரூபாய் பீங்கானுக்காக நான்கு லட்சத்தின் எதிரே உட்கார்ந்திருக்கும் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும், ஆனால் அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டியிருக்கும்.

பையன் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவே மாட்டான். சார் எங்கே வேலை என்பான், சொந்த ஊர் எது என்பான். ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றால் அவனுக்கும் அங்கே ஒரு சித்தப்பா இருப்பார். பிறகு மெல்ல அம்மாவின் பக்கம் திரும்புவான்.

"மேடம், ஃபேமிலியா கடைசியா எப்போ வெளியூர் போனீங்க?"

"போன வருஷம்... இல்ல, அதுக்கு முந்தின வருஷம். திருப்பதி."

"கோயில் விடுங்க மேடம். உங்களுக்குன்னு, நீங்க சமைக்காம, ரெஸ்ட் எடுக்கறதுக்குன்னு?"

அம்மா கணவரைப் பார்க்கிறார். கணவர் தண்ணீர் டம்ளரைப் பார்க்கிறார். வியாபாரம் பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதி இப்படி முடியும்: "பையன் எட்டாவதா சார்? இன்னும் நாலு வருஷம். அதுக்கப்புறம் அவன் உங்ககூட வரமாட்டான். அந்த நாலு வருஷத்தைத் திரும்ப எந்த ஃபிக்சட் டெபாசிட்ல சார் எடுப்பீங்க?"

என் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. அவன் சொன்னது பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அது உண்மை. ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, தூங்குகிற பிள்ளையின் முகத்தை மட்டுமே பார்க்கிற ஒருவனின் நெஞ்சில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிற உண்மை. பிள்ளையோடு இருக்க முடியவில்லையே என்ற துக்கத்தை, மூணாறில் ஸ்டுடியோ அறையாக மாற்றி, இ.எம்.ஐ. போட்டு விற்கிறார்கள். அந்த மேசையில் விலைபோவது மலையல்ல, ஒரு தகப்பனின் குற்றவுணர்ச்சி. அதை ஒரு வசனமாக எழுதி, பயிற்சி வகுப்பு நடத்தி, மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் பி.காம். முடித்து, மாத இலக்குக்குப் பயந்து, இந்த மாதமாவது இன்சென்டிவ் வருமா என்று தவிக்கிறவன். அவனுக்கும் விடுமுறை கிடையாது. நமக்கு ஓய்வு விற்கும் அவன் ஞாயிற்றுக்கிழமை வேலை பார்க்கிறான்.

அடுத்தது கணக்கு. தாளை நம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு தலைகீழாகவே எழுதுவான், அதற்கும் பயிற்சி உண்டு. "இன்னிக்கு ஒரு நல்ல ரூம் எட்டாயிரம் சார். வருஷம் பத்து பர்சென்ட் ஏறுது. இருபத்தஞ்சாவது வருஷம் ஒரு ராத்திரிக்கு எழுபத்தெட்டாயிரம்!" கணக்குத் தப்பில்லை. அறை வாடகை ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறும். ஆனால் அதே தாளில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் என்று ஒரு மூலையில் சின்னதாக எழுதியிருக்கிறதே, அது மட்டும் ஏறாது. விலைவாசி என்ற பிசாசுக்கு ஓட்டல்காரர்களை மட்டும் பிடித்து ஆட்டத் தெரியும், கிளப் வாசற்படி ஏறத் தெரியாது.

நடுநடுவே எங்கோ ஒரு மேசையில் மணி அடிக்கும். "மிஸ்டர் அண்ட் மிஸஸ் இன்னார், வெல்கம் டு த ஃபேமிலி!" எல்லோரும் கைதட்டுவார்கள். நாம் தயங்கினால் கோட்டுப் போட்ட மேனேஜர் வருவார். ஆறரை லட்சம் ஐந்தாகும், ஐந்து நான்காகும். பத்து நிமிடத்தில் இரண்டரை லட்சத்தைத் தள்ளுபடி செய்ய முடிகிறதென்றால் அந்த இரண்டரை லட்சம் எங்கே இருந்தது என்று கேட்கத் தோன்றாது. நாம்தான் பேரம் பேசி ஜெயித்துவிட்டோமே!

அவன் தாளை அவனிடமே கொடுத்துவிட்டு நாம் ஒரு தாள் எடுப்போம். மெம்பர்ஷிப் நான்கு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 72,000. ஆக 4,72,000. பராமரிப்புக் கட்டணம் 18,000, அதற்கும் வரி சேர்த்து 21,240. அந்த 4,72,000 ரூபாயை வங்கியில் ஏழு சதவீதத்தில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 33,040 வட்டி வந்திருக்கும். அதையும் இழக்கிறோம். இரண்டும் சேர்த்து முதலாண்டில் 54,280. ஏழு இரவுக்கு வகுத்தால் இரவுக்கு 7,750 ரூபாய்க்கு மேல். சாப்பாடு தனி, பயணச் செலவு தனி. அந்த ஆண்டு போக முடியாவிட்டாலும் 21,240ஐக் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டணம் ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால் 25ஆவது ஆண்டில் அது மட்டுமே ஏறக்குறைய 86,000 ஆகும். 25 ஆண்டுக்கும் கூட்டினால் கட்டணம் மட்டும் பதினொன்றரை லட்சத்தைத் தாண்டும். முதலில் கட்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். வங்கியில் போட்டவனுக்குக் கடைசியில் 4,72,000 அப்படியே இருக்கும். கிளப்பில் போட்டவனுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கும், அதுவும் காலாவதியானது.

நான்கு லட்சம் கையில் இல்லாமல் கிரெடிட் கார்டில் தேய்த்து, 48 மாதத் தவணையாக மாற்றிக்கொண்டவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டாம். இரவில் தூக்கம் வராது.

சரி, வாங்கியாயிற்று, போகலாம் என்றால் அங்கே வண்ணங்கள் காத்திருக்கின்றன. உச்ச சீசனுக்கு ஒரு நிறம், அடுத்ததற்கு ஒரு நிறம், யாரும் போகாத மாதங்களுக்கு ஒரு நிறம். மே மாதமும், தீபாவளியும், அரையாண்டு விடுமுறையும் விலை கூடிய நிறத்தில் இருக்கும். நமக்குக் கட்டுப்படியான நிறம் ஜூலையில் வரும், பள்ளியில் முதல் இடைத்தேர்வு நடக்கும்போது, மூணாறில் அடைமழை கொட்டும்போது. 'பையன் இன்னும் நாலு வருஷம்தான்' என்று சொல்லி விற்றார்களே, அந்தப் பையனுக்கு லீவு விடுகிற நாளில் அறை கிடையாது. விலை கூடிய நிறம் வாங்கியவருக்கும் உறுதி இல்லை. எத்தனையோ மாதங்களுக்கு முன்பே, பதிவு திறக்கிற நிமிடத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்க வேண்டும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய சமூகம் என்பதால் இதைப் பொறுத்துக்கொள்கிறோம். அறை இல்லை என்று உறுப்பினருக்குப் பதில் வருகிற அதே தேதியில், அதே விடுதி பொதுப் பதிவுத் தளங்களில் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். வேறொன்றும் சொல்லமாட்டேன்.

மலைக்கே இப்போது வேறு எஜமானர் வந்திருக்கிறார். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் வாகன எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வேலை நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலையால் இதற்குமேல் சுமக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்கிறது. கீழே சமவெளியில், குளிரூட்டிய மண்டபத்தில், அதே மலையை 2050 வரை தவணையில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். மலை தாங்குமா, குடும்பம் தாங்குமா என்ற இரண்டு கவலையும் விற்பவருக்கு இல்லை.

வேண்டாம், விற்றுவிடலாம் என்றால் வாங்க ஆளில்லை. நமக்கு விற்ற கிளப்பே திருப்பி வாங்காது. அப்போது இன்னொரு போன் வரும். "உங்க மெம்பர்ஷிப்புக்கு நல்ல பார்ட்டி ரெடியா இருக்காங்க சார். ப்ராசஸிங் ஃபீ மட்டும் கட்டிடுங்க." ஒரு முறை ஏமாந்தவர் பட்டியல், அடுத்து ஏமாற்றக் காத்திருப்பவருக்குப் பொன் முட்டை. அந்தப் பட்டியல் அவர்கள் கைக்கு எப்படிப் போயிற்று என்று எந்த அலுவலகமும் விசாரிப்பதில்லை.

தங்காவிட்டால் பணத்தை வட்டியோடு திருப்பித் தருகிறோம் என்று ஆசை காட்டியவர்களும் உண்டு. மும்பையின் ராயல் ட்விங்கிள் ஸ்டார் கிளப் விடுமுறைத் திட்டம் என்ற பெயரில் அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் நடத்தியதாகக் கண்ட பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி, அதை மூடிப் பணத்தைத் திருப்பித் தரும்படி 2015இல் உத்தரவிட்டது. உத்தரவு வருவதற்குள் மக்கள் பணம் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. நம் நாட்டில் காவலர் எப்போதும் கடைசிக் காட்சியில்தான் வருவார், சினிமாவில் மட்டுமல்ல.

சட்டம் எங்கே என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1994லேயே டைம்ஷேருக்கென்று ஒரு நெறிமுறை கொண்டுவந்தது, 2008இல் அதை இன்னும் கடுமையாக்கியது. கையெழுத்துப் போட்ட பிறகு 14 நாள் வரை காரணமே சொல்லாமல் விலகலாம். அந்த 14 நாளும் விற்பவர் முன்பணம் என்று ஒரு காசு வாங்கக் கூடாது. விற்பவனின் அவசரத்திலிருந்து வாங்குபவனைக் காப்பாற்ற அவ்வளவு போதும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டமே கிடையாது. ஒரு சின்ன ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசி வாங்கினால்கூடப் படித்துப் பார்த்துத் திருப்பித் தர 30 நாள் அவகாசம் உண்டு. நான்கு லட்சத்துக்கு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டால் சட்டப்படி ஒரு மணி நேரமும் இல்லை. கம்பெனி பெரிய மனது வைத்துச் சில நாள் தந்தால் உண்டு. ஆனால் 18 சதவீத வரியை வாங்கிக்கொள்ள அரசுக்கு நாளும் தெரிகிறது, நேரமும் தெரிகிறது. நான்கு லட்சத்துக்கு மேல் 72,000 ரூபாய் தன் பங்காக வாங்குகிறவர், அந்த மேசையில் நடப்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா?

இதனால் பயனடைந்த குடும்பங்களே இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். இருக்கிறார்கள். கடன் ஏதும் இல்லாதவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டாதவர்கள், ஓராண்டு முன்னாலேயே திட்டம் போடுகிறவர்கள், ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் போகிறவர்கள். பழைய பெரிய கம்பெனிகளில் அந்தக் காலத்து விலையில் வாங்கியவர்கள் சிலர் இன்றும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒதுக்கிய பிறகு, பிள்ளைகளின் படிப்புக்கு எடுத்துவைத்த பிறகு, கடன் தீர்ந்த பிறகு, நான்கு லட்சம் காணாமல் போனாலும் வீட்டில் சாம்பார் கெட்டியாகவே இருக்கும் என்கிற நிலையில் ஒரு குடும்பத்துக்கு டைம்ஷேர் கட்டுப்படியாகும். அந்த நிலையில் இருப்பவருக்கு அது தேவையுமில்லை. நினைத்தபோது நினைத்த ஊரில் அறை எடுத்துக்கொள்வார். அவர் பெட்ரோல் பங்கில் கூப்பன் நிரப்புவதில்லை, டின்னர் செட்டுக்காக மூன்று மணி நேரம் உட்காருவதுமில்லை. ஆகவே அவருக்கு யாரும் போன் செய்வதில்லை. யாருக்குக் கட்டுப்படியாகாதோ அவரைத் தேடிப் பிடித்து விற்பதற்கென்றே இத்தனை பெரிய தொழில் நடக்கிறது.

மலைக்குப் போக ஆசைப்படுகிற குடும்பத்துக்கு ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் அரசின் ஓட்டல் தமிழ்நாடு விடுதிகள் இருக்கின்றன, தனியார் விடுதிகளும் இருக்கின்றன. தங்குகிற இரவுக்குக் காசு கொடுத்தால் போதும். அடுத்த ஆண்டு கையில் பணம் இல்லையென்றால் போகாமல் இருக்கலாம், அதற்காக யாரும் நோட்டீஸ் அனுப்பமாட்டார்கள்.

ஏற்கெனவே கார்டைத் தேய்த்துவிட்டு இதைப் படிப்பவர்களுக்கு: முதல் வேலையாக ஒப்பந்தத்தில் ரத்து செய்ய எத்தனை நாள் என்று பாருங்கள். அந்த நாள் கழியவில்லையென்றால் இன்றே எழுத்து மூலம், ஒப்புகைச் சீட்டோடு அனுப்புங்கள். போனில் சொன்னால் போதும் என்று அவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். நாள் கழிந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கு மும்பையில்தான் என்று ஒப்பந்தம் மிரட்டினாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வாயால் தந்த வாக்குறுதி எதுவும் நிற்காது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதனால் அந்த மண்டபத்தில் பையன் தலைகீழாக எழுதிக் காட்டினானே, அந்தத் தாளைத் தேடி எடுத்து வையுங்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டுதான் கெடு.